நோயெதிர்ப்பு இல்லாத எலிகளும் புற்றுநோய் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் அடுத்த நிமிடமே கேள்விகள் தொடங்கிவிடும். புதிதாகச் சேரும் மாணவர்கள், உறவினர்கள், சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டார் என்று பலரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழில் எலி என்றால் பெரியதும் சிறியதும் அதற்குள் அடங்கிவிடும். இந்தப் பக்கத்தில் எலி என்று வருவதெல்லாம் 20 முதல் 30 கிராம் எடையுள்ள சுண்டெலிதான்.

நோயெதிர்ப்பு இல்லாத எலி என்றால் நோய்வாய்ப்பட்ட எலியா?

இல்லை. கூண்டில் பார்த்தால் ஓடும், தின்னும், காகிதத் துணுக்குகளைச் சேர்த்துக் கூடு கட்டும், குட்டி போடும். ஒன்றோ இரண்டோ மரபணுக்கள் பழுதானதால், அந்நியச் செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் படை அதன் உடலில் உருவாகவில்லை. சுத்தமான சூழலில் அது நலமாகவே வாழும்.

மூன்று பெயர்கள் கீழே அடிக்கடி வரும். டி செல் என்பது தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து, அந்நியச் செல்லை நேரடியாகத் தாக்குவது. பி செல் எதிர்ப்பொருளைச் சுரப்பது. இயற்கைக் கொல்லி செல் எந்த முன் அறிமுகமும் இல்லாமல், சந்தேகத்துக்குரிய செல்லைக் கண்டவுடன் அழிப்பது. இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதுதான் ஓர் எலி வகைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு.

புற்றுநோய்க்கு ஏன் இப்படி ஓர் எலி? சாதாரண எலியில் செய்தால் ஆகாதா?

சாதாரண எலிக்குள் மனிதப் புற்றுநோய்ச் செல்லைச் செலுத்தினால், சில வாரங்களுக்குள் அதன் டி செல்கள் அதைத் துடைத்து அழித்துவிடும். சிறுநீரக மாற்று நோயாளியின் உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுப்பதும் இதே காரணத்தால்தான். மனிதக் கட்டி எலிக்குள் ஒட்டுப் பிடிக்க வேண்டுமானால் காவல் இல்லாத உடல் வேண்டும்.

எலியின் கட்டியை எலியிலேயே வைத்தும் ஆராயலாம். அதற்குச் சாதாரண எலி போதும், அந்த முறை இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு மருந்து மனிதச் செல்லில் மட்டும் உள்ள ஒரு புரதத்தைக் குறிவைக்கிறது என்றால், எலிக்கட்டியில் அதைச் சோதித்துப் பயனில்லை.

இந்த எலிகளை யார் உருவாக்கினார்கள்?

முதல் எலியை யாரும் உருவாக்கவில்லை. 1962-இல் கிளாஸ்கோ நகரின் ருக்கில் மருத்துவமனை ஆய்வகத்தில், நார்மன் கிரிஸ்ட் என்ற வைரஸ் ஆய்வாளரின் எலிக் கூட்டத்தில் முடியே இல்லாத குட்டிகள் தாமாகப் பிறந்தன. 1966-இல் ஃபிளானகன் என்பவர் அந்த மரபுக்குறையை விவரித்தார். அப்போதும் அது வழுக்கை எலியாகத்தான் தெரிந்தது. 1968-இல் பாண்டலூரிஸ் அவற்றை அறுத்துப் பார்த்தபோதுதான் தைமஸ் சுரப்பியே இல்லை என்பது தெரிந்தது. தைமஸ் இல்லையென்றால் முதிர்ந்த டி செல்களும் ஏறக்குறைய இல்லை. அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில் ரிகார்ட், போவ்ல்சன் இருவரும் ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றை இந்த எலியில் வைத்தார்கள். அது வளர்ந்தது.

எனக்கு இதில் இன்றும் வியப்பு தருவது ஒன்று உண்டு. முடி இல்லாமையும் தைமஸ் இல்லாமையும் ஒரே மரபணுவின் விளைவு. ஃபாக்ஸ்-என்1 எனப்படும் அந்த மரபணுவை 1994-இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு பழுதாகி, தலைமுடியும் தைமஸும் இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பின்னர் மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். எலியில் முதலில் கண்டதால்தான் அந்தக் குழந்தைகளிடம் எதைத் தேடுவது என்று தெரிந்தது.

நியூட், ஸ்கிட், என்எஸ்ஜி என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. முடியற்ற அந்த முதல் வகைதான் நியூட். அதற்கு ஏறக்குறைய இல்லாதவை டி செல்கள் மட்டுமே. பி செல்கள் உண்டு, இயற்கைக் கொல்லி செல்கள் சாதாரண எலியைவிடச் சுறுசுறுப்பாகவே இருக்கும். அதனால் சில திடக்கட்டிகள் அதில் நன்றாக வளரும், ரத்தப் புற்று எளிதில் ஒட்டாது. 1983-இல் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் போஸ்மா குழுவினர் கண்டதுதான் ஸ்கிட். டி, பி இரண்டும் அதற்கு இல்லை. ஆனால் வயதாக ஆகச் சில எலிகளில் கொஞ்சம் டி, பி செல்கள் கசிந்து தோன்றிவிடும்.

ஸ்கிட் குறையை, ஜப்பானில் நீரிழிவு ஆய்வுக்காக உருவான நாட் என்ற எலி மரபுக்குள் கொண்டுவந்தபோது கொல்லி செல்களும் தளர்ந்தன. கடைசிப் படியாக, நோயெதிர்ப்புச் செல்கள் வளர்வதற்கான சமிக்ஞையைப் பெறும் இன்டர்லூகின்-2 ஏற்பியின் ஒரு பகுதியான காமா சங்கிலியின் மரபணுவையும் நீக்கினார்கள். 2002-இல் ஜப்பானில் வந்தது நாக், 2005-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வந்தது என்எஸ்ஜி. டி, பி, கொல்லி செல் மூன்றும் இவற்றில் இல்லை. அந்தக் காமா சங்கிலி பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகள்தான், ஒரு காலத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து வளர்க்கப்பட்டவர்கள்.

குறை கூடக்கூட எலி சிறந்ததாகிவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்கிட் குறை என்பது டிஎன்ஏ பழுதுபார்க்கும் பொறியில் உள்ள குறை. அந்த எலியின் எல்லாச் செல்களும் கதிர்வீச்சைத் தாங்க மாட்டா. கதிர்ச் சிகிச்சையைச் சோதிக்க ஸ்கிட் எலியை எடுத்தால், கட்டியைச் சுற்றியுள்ள எலித் திசுதான் அளவுக்கு மீறிச் சேதமாகும். அங்கே நியூட் எலியே பொருத்தம்.

கட்டியை எலிக்குள் எப்படி வைக்கிறீர்கள்? வளர்ந்ததை எப்படி அறிகிறீர்கள்?

வளர்ப்புத் தட்டில் பெருகிய செல்களானால், விலாப்புறத் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். நோயாளியிடமிருந்து அறுவையில் எடுத்த கட்டியானால், சில மில்லிமீட்டர் அளவுத் துண்டாக நறுக்கி, மயக்க மருந்து கொடுத்துத் தோலுக்கடியில் பதிப்பார்கள். மார்பகப் புற்றை மார்புக் கொழுப்பிலும் கல்லீரல் புற்றைக் கல்லீரலிலும் வைப்பதும் உண்டு. அது கடினம், ஆனால் பரவும் விதம் இயல்பை ஒட்டியிருக்கும்.

தோலுக்கடியில் உள்ள கட்டியை வெர்னியர் காலிப்பரால் வாரம் இரண்டு மூன்று முறை அளப்போம். நீளத்தை அகலத்தின் இருமடியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு கிடைக்கும். அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடை வெகுவாக மாறும் என்பதால், எந்த எலி மருந்து பெற்றது என்று தெரியாத ஒருவர் அளக்க வேண்டும். உள்ளுறுப்பில் உள்ள கட்டிக்கு, மின்மினியின் ஒளிரும் நொதியைச் செல்களுக்குள் முன்கூட்டியே புகுத்தி, வெளிவரும் ஒளியைக் கருவியால் படமெடுப்பார்கள்.

எலிக்கு வலிக்காதா?

வலிக்கும். இதைச் சுற்றி வளைத்துப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஊசி வலிக்கும், அறுவை வலிக்கும், கட்டி பெரிதானால் நடக்கத் தடையாகும், புண்ணாகும். எலி தன் வலியை மறைக்கும் உயிரினம். அதனால்தான் கண்ணிமை இறுகுவது, காது பின்வாங்குவது, மூக்கும் கன்னமும் உருமாறுவது ஆகியவற்றை வைத்து மதிப்பிடும் முக அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். கூடு கட்டுவதை நிறுத்தினால் நான் கவலைப்படத் தொடங்குவேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் நிறுத்தும் எல்லையை முன்பே எழுதி நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். கட்டியின் விட்டம் 15 அல்லது 20 மில்லிமீட்டரைத் தொடுவது, எடை 20 விழுக்காடு குறைவது, தோல் புண்ணாவது ஆகியவை பல நிறுவனங்களில் வழங்கும் எல்லைகள். எல்லை வந்ததும், ஆய்வாளருக்கு இன்னும் ஒரு வாரத் தரவு தேவைப்பட்டாலும், வலியில்லா முடிவு கொடுத்தாக வேண்டும். வாதாடும் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் எங்கள் வேலை.

அந்த அறைக்குள் போக ஏன் இத்தனை உடை, உறை, முகமூடி? எலி கடித்துவிடுமா?

பாதுகாப்பு பெரும்பாலும் எலிக்கு, நம்மிடமிருந்து. நம் தோலிலும் மூச்சிலும் உள்ள, நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவற்றைக் கொன்றுவிடும். கூண்டுக்குள் வடிகட்டிய காற்று, நீராவியில் கிருமி நீக்கிய படுக்கையும் உணவும், அமிலமூட்டிய அல்லது கிருமி நீக்கிய நீர் என்று எல்லாமே அதற்காகத்தான். ஒரு கூண்டைத் திறப்பதுகூடக் காற்றோட்டப் பெட்டிக்குள் மட்டுமே.

எனக்குத் தூக்கம் கெட்டது ஒரு பாக்டீரியாவால். கோரினிபாக்டீரியம் போவிஸ் நியூட் எலியின் தோலில் செதில் செதிலாகப் படியும். எலி சாகாது, ஆனால் எடை குறையும், கட்டியின் வளர்ச்சி தடுமாறும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அறை முழுக்க இது பரவி, மாதக்கணக்கான சோதனை வீணானது. வீணானது என்றால் அத்தனை எலிகளும் எந்தக் கேள்விக்கும் விடை தராமல் செத்தன என்று பொருள்.

எதிர்ப்பே இல்லையென்றால் இந்த எலிகளுக்குத் தாமாகவே புற்றுநோய் வர வேண்டுமே?

நல்ல கேள்வி. இதே கேள்வி ஒரு துறையையே பல ஆண்டுகள் தவறான பக்கம் திருப்பியது. 1974-இல் ஸ்டட்மன் என்பவர் புற்று உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளை நியூட் எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் கொடுத்தார். இரண்டிலும் கட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன. உடலின் நோயெதிர்ப்பு புற்றைக் கண்காணிக்கிறது என்ற கருத்தே பொய் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

நியூட் எலியில் கொல்லி செல்கள் மிச்சம் இருப்பதை மேலே சொன்னேன். சில டி செல்களும் தைமஸுக்கு வெளியே உருவாகும். முழுமையாக டி, பி செல்கள் அற்ற ராக்-2 எலிகளை வைத்து ஷ்ரைபர் குழுவினர் 2001-இல் மறுபடி செய்தபோது, அதே வேதிப்பொருளால் கட்டிகள் கூடுதலாகவும் விரைவாகவும் வந்தன. எலியில் என்ன மிச்சமிருந்தது என்பதைக் கவனிக்காததற்கு விலை 27 ஆண்டுகள். இன்னொரு பக்கம், நாட்-ஸ்கிட் எலிகளுக்குத் தைமஸில் தாமாகவே லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்று வந்து, பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிடும். நீண்டகாலச் சோதனைக்கு என்எஸ்ஜி எலியை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலியில் கட்டி கரைந்துவிட்டது என்று செய்தி வருகிறதே, அப்படியானால் மருந்து வந்துவிடும்தானே?

பெரும்பாலும் வராது. 2001-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் 39 மருந்துகளின் எலி முடிவுகளை மனிதச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். எலியில் ஒரு வகைப் புற்றில் வேலை செய்த மருந்து மனிதரிலும் அதே வகைப் புற்றில் வேலை செய்யும் என்று சொல்ல முடியவில்லை. பலவகை எலிக்கட்டிகளில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கில், வேலை செய்தவை மனிதரிடம் ஏதாவது ஒரு புற்றில் பலன் தரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

ஆகவே செய்தியில் சில விவரங்களைத் தேடுங்கள். எத்தனை நோயாளிகளின் கட்டிகளில் பார்த்தார்கள்? வளர்ப்புத் தட்டில் தொடர்ந்து பெருக்கப்படும் ஒரே செல் வரிசையில் மட்டும் என்றால் அது தொடக்கம். கட்டி சுருங்கியதா, வளர்ச்சி தாமதமானதா? இரண்டும் வேறு, தலைப்பில் ஒன்றாகிவிடும். மருந்தை எப்போது தொடங்கினார்கள்? செல்லைச் செலுத்திய மறுநாளே தொடங்கினால், நிலைபெற்ற கட்டிக்கு எதிரான சோதனை ஆகாது. மனிதர் மருத்துவரிடம் வருவது நிலைபெற்ற கட்டியோடுதான்.

எலிக்குக் கொடுத்த அளவை எடைக்கேற்பப் பெருக்கினால் மனித அளவு வராதா?

வராது, ஆபத்தானதும்கூட. சிறிய உடல் மருந்தை விரைவாகக் கழித்துவிடும். உடற்பரப்பை அடிப்படையாக வைத்த கணக்கில், ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எலி அளவை ஏறக்குறைய 12-ஆல் வகுத்தால்தான் மனிதருக்கு இணையான அளவு. அதுவும் முதல் மதிப்பீடு மட்டுமே. இணையத்தில் எலி ஆய்வைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு பொடியைத் தாமாக அளந்து சாப்பிடுபவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

இப்போது எல்லோரும் இம்யூனோதெரபி என்கிறார்களே, நோயெதிர்ப்பே இல்லாத எலியில் அதை எப்படிச் சோதிப்பது?

உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டே புற்றைத் தாக்கும் சிகிச்சை அது. நேரடியாகச் சோதிக்க முடியாது. டி செல்லின் தடையை நீக்கும் மருந்தை டி செல்லே இல்லாத எலிக்குக் கொடுத்தால் நீக்க எதுவும் இருக்காது. 2018-இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஆலிசன் 1990-களில் தன் சோதனைகளைச் சாதாரண எலிகளில், எலிக்கட்டிகளில்தான் செய்தார்.

இன்னொரு வழி, மனித நோயெதிர்ப்பை எலிக்குள் குடியேற்றுவது. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த, ரத்தச் செல்களை உருவாக்கும் மனிதத் தண்டுச் செல்களை என்எஸ்ஜி எலிக்குச் செலுத்தினால், சில மாதங்களில் மனித டி, பி செல்கள் அதன் ரத்தத்தில் ஓடும். வளர்ந்த மனிதரின் ரத்தச் செல்களை நேரடியாகச் செலுத்தினால் விரைவில் கிடைக்கும், ஆனால் அந்த டி செல்கள் எலியின் உடலையே அந்நியமாகக் கண்டு தாக்கத் தொடங்கும். சோதனைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

கார்-டி சிகிச்சை இங்கே ஒரு பாடம். மாற்றியமைத்த மனித டி செல்கள் என்எஸ்ஜி எலியில் ரத்தப் புற்றை அழகாக அழித்தன. நோயாளிகளிடமோ கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் கொண்ட சைட்டோகைன் புயல், அதாவது நோயெதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் புரதங்கள் அளவுமீறிப் பெருகும் நிலை, வந்தது. அந்தப் புயலை எழுப்புவதில் மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற வேறு நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை, அவை செயல்படும்படி அமைத்த வேறு வகை எலிகளில் 2018-இல் காட்டினார்கள்.

என் அம்மாவின் கட்டியை எலியில் வளர்த்து, எந்த மருந்து வேலை செய்யும் என்று முதலிலேயே பார்க்க முடியுமா?

முயற்சிகள் நடக்கின்றன. அவதார் எலி என்று அதற்குப் பெயர்கூட உண்டு. ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். கட்டி ஒட்டுப் பிடித்து, இரண்டாம் தலைமுறை எலிகளுக்கு மாறி, மருந்து கொடுத்துப் பார்க்கும் அளவுக்குப் பெருகப் பல மாதங்கள் ஆகும். பல கட்டிகள் ஒட்டுவதே இல்லை. ஹார்மோனைச் சார்ந்த மார்பகப் புற்று அரிதாகவே ஒட்டும். விரைவாக ஒட்டுபவை பெரும்பாலும் மூர்க்கமானவை, அந்த நோயாளிகளுக்கோ காத்திருக்க நேரமில்லை.

இந்த எலிகளால் பயன்பெறுவது பெரும்பாலும் அதே நோயாளி அல்லர், பின்னால் வருபவர்கள். அறுவைக்கு முன் திசுவைத் தர ஒப்புதல் கேட்டால், அது எதற்காக என்பதை இப்படித் தெளிவாகச் சொல்லும்படி மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

எலிக்குள் வளர்வது உண்மையில் நோயாளியின் கட்டிதானா?

புற்றுச் செல் நோயாளியுடையது. அதைத் தாங்கி நிற்கும் நார்த்திசுவும் ரத்தக் குழாய்களும் சில தலைமுறை மாற்றங்களுக்குள் எலியுடையதாகிவிடும். எலியின் வளர்ச்சித் தூண்டிகள் சில மனிதச் செல்லோடு பேசுவதே இல்லை. எலியின் ஹெச்ஜிஎஃப் புரதம் மனித மெட் ஏற்பியைச் சரியாகத் தூண்டாது. ஆகவே அந்தப் பாதையைச் சார்ந்த கட்டிக்கு எலி ஒரு பட்டினி நிலம்.

இதைவிடக் கவலைக்குரியது அடையாளம் மாறுவது. கட்டித் துண்டோடு எப்ஸ்டீன்-பார் வைரஸ் உறங்கும் மனித பி செல்கள் சில வந்துவிட்டால், கட்டுப்படுத்த ஆளில்லாத என்எஸ்ஜி எலிக்குள் அவை லிம்போமாவாகப் பெருகும். வயிற்றுப் புற்று வளர்கிறது என்று நம்பி, வேறொரு புற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு தலைமுறையிலும் திசுவை நுண்ணோக்கியிலும் டிஎன்ஏ அடையாளத்திலும் சரிபார்க்க வேண்டியது இதனால்தான்.

எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸின் கதையையும் சொல்ல வேண்டும். 2006-இல் புரோஸ்டேட் புற்றிலும், 2009-இல் நீடித்த களைப்பு நோயாளிகளிடமும் புதிய வைரஸ் ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். நோயாளிகள் அதை நம்பி மருந்துகூடத் தேடினார்கள். 2011-இல் உண்மை வெளிவந்தது. ஒரு புரோஸ்டேட் கட்டியை 1990-களில் நியூட் எலிகளில் மாற்றி மாற்றி வளர்த்தபோது, எலி டிஎன்ஏவில் உறங்கிய இரண்டு வைரஸ் துண்டுகள் இணைந்து பிறந்தது அது. அங்கிருந்து செல் வரிசைக்கும், ஆய்வக மாசாகப் பல இடங்களுக்கும் பரவியிருந்தது. 2009 கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஒரே கட்டி, ஒரே செல். எலியை மாற்றினால் முடிவு மாறுமா?

மாறும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷான் மாரிசன் குழு 2008-இல் மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களை எடுத்துப் பார்த்தது. நாட்-ஸ்கிட் எலியில் வழக்கமான முறையில் வைத்தால் சுமார் 10 லட்சம் செல்களில் ஒன்றுதான் கட்டியானது. என்எஸ்ஜி எலியில், புரதக் கூழோடு கலந்து வைத்து, கூடுதல் நாள் காத்திருந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு செல் தனியாகவே கட்டியை உண்டாக்கியது. புற்றைத் தொடங்கும் செல் மிக அரிது என்று மெலனோமாவில் நம்பியிருந்தது, பெருமளவு எலியின் மிச்ச எதிர்ப்பால் வந்த தோற்றம்.

மருந்திலும் அப்படித்தான். டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து நியூட் எலியில் மார்பகப் புற்றைக் கட்டுப்படுத்தியது. எதிர்ப்பொருளின் வாலைப் பற்றிக்கொள்ளும், நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள ஏற்பிகள் நீக்கப்பட்ட நியூட் எலிகளில் அதன் பலன் பெரும்பாலும் போய்விட்டதை 2000-இல் காட்டினார்கள். மருந்தின் வேலையில் பெரும்பகுதியை எலியின் மிச்ச நோயெதிர்ப்புதான் செய்துகொண்டிருந்தது. இத்தகைய மருந்தை என்எஸ்ஜி எலியில் மட்டும் சோதித்து, பயனில்லை என்று தூக்கி எறிந்தால் நல்ல மருந்து ஒன்று தொலையும்.

எலியே இல்லாமல் இதைச் செய்ய வழியில்லையா?

சில பகுதிகளுக்கு வழி வந்துவிட்டது. நோயாளியின் செல்களைச் சிறு உருண்டைகளாக வளர்க்கும் ஆர்கனாய்டு முறையில், பல மருந்துகளைச் சில வாரங்களில் வடிகட்டலாம். டி, பி, கொல்லி செல்கள் நீக்கிய வரிக்குதிரை மீன்களை 37 டிகிரிக்குப் பழக்கி, மனிதக் கட்டியை வளர்த்து, கண்ணாடிபோன்ற அதன் உடலுக்குள் செல்கள் நகர்வதை நேரடியாகப் பார்க்கிறார்கள். மீனும் வலியறியும் உயிர்தான் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம், மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை நீக்கி, வேறு முறைகளின் சான்றையும் ஏற்க வழி செய்தது.

விழுங்கிய மருந்து கல்லீரலில் என்னவாக மாறுகிறது, எலும்பு மஜ்ஜையை வாட்டுகிறதா, கட்டியிலிருந்து பிரிந்த செல் நுரையீரலில் போய்த் தங்குகிறதா என்பவற்றுக்கு இன்னும் ஒரு முழு உடல் தேவைப்படுகிறது. எங்கள் கூடத்திற்கு வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் தேடுவது, ஆர்கனாய்டில் என்ன பார்த்தார்கள் என்ற பத்தியை. அது இல்லாத விண்ணப்பத்தை, எலி எண்ணிக்கையைப் படிப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.